அலுவலக சர்வருக்கு ஐ7 போதுமா, ஜியான் வேண்டுமா?

கேள்வி: மயிலாப்பூரில் என் தந்தை தொடங்கிய ஆடிட்டர் அலுவலகத்தை இப்போது நான் நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் வேலை செய்கிறோம். ஏறத்தாழ 180 வாடிக்கையாளர்களின் டேலி கணக்குகளும், ஸ்கேன் செய்த ஆவணங்களும் 2015இல் வாங்கிய ஓர் ஐ5 கணினியில் இருக்கின்றன. அதைத்தான் சர்வர் என்று சொல்லி வருகிறோம். அதை மாற்றுவதற்காக இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து தரும் கணினி: இன்டெல் ஐ7-14700 ப்ராசசர், 32 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. மற்றொன்று பெயர்பெற்ற நிறுவனத்தின் டவர் சர்வர்: இன்டெல் சர்வர்களுக்கென விற்கும் ஜியான் வரிசையில் ஈ-2434 ப்ராசசர், ஒரே குச்சியாக 16 ஜிபி ஈசிசி ரேம், இரண்டு எஸ்எஸ்டி, மூன்று ஆண்டுகள் நம் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி. இதன் விலை முதலாவதைப் போல ஒன்றரை மடங்கு. பொறியியல் படிக்கும் என் அக்கா மகன், இருபது கோர் உள்ளதை விட்டுவிட்டு நான்கு கோருக்கு அதிகப் பணம் கொடுப்பது ஏமாறுவதாகும் என்கிறான். சர்வர் விற்பவரோ, டெஸ்க்டாப் ப்ராசசர் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடத் தாங்காது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புடையீர்,

உங்கள் அக்கா மகன் கோர்களை, அதாவது ப்ராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளை, சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். ஆனால் உங்கள் அலுவலக வேலைக்கு அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. விற்பனையாளர் சொல்லும் முடிவு உங்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் அதற்கு அவர் காட்டும் காரணம் தவறானது. இரண்டாவது கொட்டேஷனைச் சில மாற்றங்களோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அடுத்த முறை யாராவது கொட்டேஷன் நீட்டும்போது, என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இந்த இரண்டு ப்ராசசர்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஜியான் ஈ-2400 வரிசை, 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களின் அதே ராப்டர் லேக் வடிவமைப்பைக் கொண்டது. இரண்டும் உட்காரும் சாக்கெட்கூட எல்ஜிஏ 1700 என்ற ஒன்றுதான். ஐ7-14700இல் வேகமான கோர்கள் எட்டும், மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடும் சிறு கோர்கள் பன்னிரண்டும் இருக்கின்றன. ஈ-2400 வரிசையில் சிறு கோர்கள் கிடையாது. வேகமான கோர்கள் மட்டும் உண்டு, அவையும் அதிகபட்சம் எட்டுதான். உங்களுக்குச் சொல்லப்பட்ட ஈ-2434இல் அவை நான்கு. 2011இல் ஜியான் ஈ3-1200 வரிசை வந்த நாளிலிருந்தே தொடக்கநிலை சர்வர் ப்ராசசர் என்பது டெஸ்க்டாப் ப்ராசசரின் உடன்பிறப்பாகத்தான் இருந்து வருகிறது. ஆகவே ஒன்று தாங்கும், மற்றொன்று தாங்காது என்று பொதுவாகச் சொல்வதற்கு அடிப்படை இல்லை. நம் ஊர்க் கடைகளில் பில் போடும் சாதாரணக் கணினிகள் ஆண்டுக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனாலும் குறிப்பாக ஐ7-14700 என்னும் இந்த ஒரு ப்ராசசரைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் உயர் மாடல்கள் பல, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை இழுத்துக்கொண்டு நாளடைவில் நிலைகுலைந்தன. 2024இல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு எனப்படும் ப்ராசசரின் உள் நிரலுக்குத் திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியில் விற்கப்பட்ட ப்ராசசர்களுக்கான வாரண்டியை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டித்தது. ஜியான் வரிசை இதனால் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. கணினியைத் தொடக்கி வைக்கும் மதர்போர்டு நிரலான பயாஸ் வழியாகவே இந்தத் திருத்தம் வரும். திருத்தப்பட்ட பயாஸ் போட்டுவிட்டால் புதிய ப்ராசசரில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பழைய பயாஸோடு மாதக்கணக்கில் கடையில் இருந்த மதர்போர்டை அப்படியே பூட்டிக் கொடுத்துவிட்டால், அந்தத் திருத்தம் உங்கள் கணினிக்கு வந்து சேராது. பூட்டித் தருபவர் பயாஸைப் புதுப்பித்தாரா என்று கேட்பது, நீங்கள் எதை வாங்கினாலும் உங்கள் கடமை.

இனி கோர் எண்ணிக்கை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் டேலி கோல்டு உரிமத்தில், கணக்குக் கோப்புகள் சர்வரின் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கும். நிரலோ ஒவ்வொருவர் மேசையிலும் உள்ள கணினியில் ஓடும். பேலன்ஸ் ஷீட் கேட்டால் கூட்டிக் கழிப்பது அவரவர் கணினிதான். சர்வர் செய்வதெல்லாம் கோப்பிலிருந்து கேட்ட பகுதியை எடுத்து நெட்வொர்க் வழியே அனுப்புவது மட்டுமே. டேலியின் தனி சர்வர் மென்பொருளை வாங்கிப் போட்டால் சர்வரின் பங்கு சற்றுக் கூடும். அப்போதும் பதினான்கு பேருக்கு நான்கு வேகமான கோர்கள் தடுமாறாது. ஒற்றைக் கோரின் உச்ச வேகத்தில் ஐ7-14700 எட்டுவது 5.4 கிகாஹெர்ட்ஸ், ஈ-2434 எட்டுவது 5 கிகாஹெர்ட்ஸ். இந்த வேறுபாட்டை மேசையில் உட்கார்ந்து யாராலும் உணர முடியாது.

உங்கள் அலுவலகத்தில் வேகம் தடைபடும் இடம் வேறு. ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பிக்கு மேல் போகாது. நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி படிக்கவல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியைச் சர்வரில் போட்டாலும், பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது அந்த வேகம் அடுத்த அறையில் இருப்பவரை அடைவதற்குள் இந்தச் சிறு வாய்க்காலில் சுருங்கிவிடும். அதற்கும் முன்பாக, உங்கள் ஸ்விட்ச் பழைய நூறு மெகாபிட் வகையா என்றும், யாராவது வைஃபையில் டேலியைத் திறக்கிறார்களா என்றும் பாருங்கள். டேலி மெதுவாக இருக்கிறது என்று என்னை அழைத்த அலுவலகங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், சில ஆயிரம் ரூபாய் ஸ்விட்சும் சுவரோரம் சரியாக இழுத்த கேபிளும்தான் மருந்தாக இருந்தன.

கோர் எண்ணிக்கை பொருட்டாகும் ஒரு நிலை உண்டு. வீட்டிலிருந்தும் வாடிக்கையாளர் இடத்திலிருந்தும் உங்கள் ஊழியர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியே சர்வருக்குள்ளேயே நுழைந்து வேலை செய்யப் போகிறார்கள் என்றால், பத்துப் பேரின் டேலியும் எக்ஸெலும் பிரௌசரும் அந்த ஒரே இயந்திரத்தில் ஓடும். அப்போது நான்கு கோர் போதாது; அதே வரிசையில் ஆறு கோர் உள்ள ஈ-2436 அல்லது எட்டுக் கோர் உள்ள ஈ-2478 கேளுங்கள், ரேமையும் 64 ஜிபியாக உயர்த்துங்கள். கடிதத்தில் நீங்கள் அப்படி எதையும் குறிப்பிடாததால், இப்போதைக்கு அது தேவையில்லை என்றே கொள்கிறேன்.

சர்வர் என்ற பெயருக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் எனக்கு முதன்மையாகப் படுவது ஈசிசி ரேம், அதாவது தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகம். கணினியின் ரேமில் ஒவ்வொரு தகவலும் பூஜ்யம், ஒன்று என்னும் நுண்ணிய மின்னேற்றங்களாக நிற்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகள், சிப்பின் உறையில் எஞ்சியிருக்கும் கதிரியக்கம், மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வு, எல்லாவற்றுக்கும் மேலாக நாளடைவில் பலவீனப்படும் ஏதோ ஒரு நுண்ணிய கூறு, இவற்றில் எதனாலும் ஒரு பூஜ்யம் ஒன்றாகப் புரண்டுவிடலாம். சாதாரண ரேமுக்கு இது நடந்ததே தெரியாது. புரண்ட இடத்தில் யாரும் படிக்காத எழுத்து இருந்தால் ஒன்றும் ஆகாது. விண்டோஸின் முக்கியப் பகுதி இருந்தால் நீலத் திரை வரும். ஒரு வவுச்சரின் தொகை இருந்தால், அது தவறான தொகையாகவே வட்டில் எழுதப்பட்டுவிடும். மூன்றாவதுதான் ஆடிட்டர் அலுவலகம் அஞ்ச வேண்டியது. நீலத் திரை வந்தால் ஏதோ கோளாறு என்றாவது தெரிகிறது. இதற்கோ எந்த அறிகுறியும் இருக்காது.

இதற்கான கணித வழியை ரிச்சர்ட் ஹாமிங் 1950லேயே வெளியிட்டுவிட்டார். ஒவ்வொரு 64 பிட் தகவலுக்கும் 8 பிட் சரிபார்ப்புக் குறியீட்டைச் சேர்த்து 72 பிட்டாக வைத்துக்கொண்டால், ஒரு பிட் புரண்டால் எது என்று கண்டுபிடித்து அந்த நொடியிலேயே திருத்தலாம். இரண்டு புரண்டால் திருத்த முடியாவிட்டாலும் தவறு நேர்ந்ததை அறிந்து இயந்திரத்தை நிறுத்தலாம். வெகுகாலமாக இது அரிதான தொல்லை என்றே எண்ணப்பட்டது. கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது: ஓராண்டில் அங்கிருந்த ரேம் குச்சிகளில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்டவற்றில் பிழை பதிவாகியிருந்தது. பிழைகள் எல்லாக் குச்சிகளிலும் சீராகப் பரவியிருக்கவில்லை. பெரும்பாலானவை ஆண்டு முழுதும் ஒரு பிழையும் இன்றி ஓடின. ஒருமுறை பிழை கண்ட குச்சி மீண்டும் மீண்டும் பிழை செய்தது. உங்களுக்கு அமையும் குச்சி எந்த வகை என்பதை வாங்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு பாரிமுனைப் பக்கம் ஒரு வணிக அலுவலகத்துக்கு, செலவைக் குறைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், நல்ல டெஸ்க்டாப் ஒன்றையே சர்வராக வைத்துக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் தொல்லையில்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் ஒரு கணக்குக் கோப்பு திறக்கவில்லை. முந்தைய நாள் பேக்கப்பை எடுத்தோம், அதுவும் திறக்கவில்லை. ஒரு வாரம் பின்னால் போனோம், இரண்டு வாரம் போனோம். எல்லாவற்றிலும் அதே கேடு இருந்தது. ரேம் குச்சி ஒன்றில் ஓர் இடம் மட்டும் பழுதாகியிருந்தது. அதன் வழியே சென்ற தகவல் கெட்டு வட்டில் எழுதப்பட, கெட்ட கோப்பையே ஒவ்வோர் இரவும் பேக்கப் உண்மையாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்று வாரக் கணக்கை அச்சிட்ட ரசீதுகளிலிருந்து அவர்கள் மீண்டும் உள்ளிட வேண்டியதாயிற்று. ஈசிசி ரேம் இருந்திருந்தால், முதல் நாளே பதிவேட்டில் பிழை விழுந்து, குச்சியை மாற்றியதோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு, பிறருடைய கணக்கைக் காக்கும் எந்த அலுவலகத்துக்கும் நான் ஈசிசி இல்லாத சர்வரைப் பரிந்துரைத்ததில்லை.

இப்போது உங்கள் அக்கா மகன் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கலாம்: ஐ7-14700உம் ஈசிசியை ஏற்கும் என்று இன்டெல்லின் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே? உண்மைதான். ஆனால் ஈசிசி என்பது ப்ராசசரில் மட்டும் இருக்கும் குணம் அன்று. ப்ராசசர், சிப்செட் எனப்படும் மதர்போர்டின் துணைச் சிப், ரேம் குச்சி, பயாஸ் ஆகிய நான்கும் கைகோத்தால்தான் அது வேலை செய்யும். 14ஆம் தலைமுறை ஐ7இல் அது இயங்க டபிள்யூ680 சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். கடைகளில் வழக்கமாகத் தரும் பி760, இசட்790 போர்டுகளில் இயங்காது. டபிள்யூ680 போர்டும் ஈசிசி ரேமும் சேர்த்து அசெம்பிள் செய்யச் சொன்னால், விலை வேறுபாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஒரு காலத்தில் நான்காம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரை பல ஐ3 ப்ராசசர்களுக்கு ஈசிசி வசதி இருந்தது; அவற்றைவிட விலை உயர்ந்த ஐ5, ஐ7களுக்கு அது தரப்படவில்லை. எதற்கு எந்த வசதி என்பதைப் பொறியியல் தேவையைவிட விற்பனைப் பிரிவுகளே தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மாடலின் பெயர் பெரிதாக இருப்பதைப் பார்த்து வசதியை ஊகிக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போனால், அதன் ரைசன் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பல ஈசிசியை ஏற்கும், ஆனால் அது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறுபடும். 2024 மே மாதம் வந்த அதன் சர்வர் ப்ராசசரான எபிக் 4004 வரிசை, ரைசனின் அதே ஏஎம்5 சாக்கெட்டில் பதினாறு கோர் வரை தருகிறது. ஈசிசியும் முறைப்படி உண்டு. நல்ல தேர்வுதான். உங்களுக்குக் கொட்டேஷன் தந்த நிறுவனத்திடம் அதில் அமைந்த டவர் இருந்தால் தயங்காமல் விலை கேளுங்கள்.

இந்தக் கணினிகளில் போடும் புதிய வகையான டிடிஆர்5 ரேமில் ஈசிசி உள்ளேயே இருக்கிறது, தனியாக எதற்கு என்று கடையில் சொல்வார்கள்; அதை ஏற்காதீர்கள். டிடிஆர்5 சிப்புக்குள் இருக்கும் திருத்தம், சிப் தனக்குள் செய்துகொள்வது மட்டுமே. சிப்பிலிருந்து ப்ராசசருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது காக்காது. பிழை நேர்ந்தது என்று யாரிடமும் சொல்லவும் செய்யாது. முழுமையான ஈசிசி குச்சியில் கூடுதல் சிப்கள் இருக்கும்.

இன்னொன்று: ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும், கழற்றிய பெரிய சர்வர்களின் ஈசிசி ரேம் மலிவாகக் கிடைக்கும். அவை பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு எனப்படும் ஆர்டிம் வகை. தொடக்கநிலை ஜியான் ஈ வரிசை ஏற்பது ரெஜிஸ்டர் சிப் இல்லாத யூடிம் வகை ஈசிசி மட்டுமே. டிடிஆர்5இல் இரண்டு வகைக் குச்சிகளின் அடியிலுள்ள வெட்டு இடமே வேறு என்பதால் பொருந்தக்கூட பொருந்தாது. பின்னாளில் ரேம் கூட்டும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பம். ஐ7-14700இன் அடிப்படை மின்தேவை 65 வாட். முழு மூச்சாக ஓடினால் 219 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. ஈ-2434க்கு வகுத்த அளவு 55 வாட். கோப்பு பரிமாறும் வேலையில் இரண்டுமே பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். 40 வாட் இழுக்கும் இயந்திரம் ஆண்டு முழுதும் ஓடினால் 350 யூனிட், அவ்வளவுதான். ஆகவே மின்கட்டணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் சனிக்கிழமை மாலை ஏசியை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, திங்கள் காலை திறக்கும் அலுவலகம் உங்களுடையது. அக்னி நட்சத்திர நாள்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, மேற்குச் சுவர் உள்ள சிறு அறைக்குள் என்ன இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த வகை டவர் சர்வர்களுக்குப் பொதுவாக 35 டிகிரி வரையிலான சுற்றுப்புற வெப்பம்தான் எல்லையாகக் குறிப்பிடப்படுகிறது. அந்த அறைக்குச் சிறிய எக்ஸாஸ்ட் விசிறியாவது போடுங்கள். மேசைக்கடியில் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும், நம் ஊரில் தரையில் இருந்த கணினிகளுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். தரைத்தளத்தில் அலுவலகம் என்றால் இடுப்பு உயரத்துக்கு மேல் ஓர் அலமாரித் தட்டு கட்டாயம்.

டவர் சர்வரின் மதர்போர்டில், ப்ராசசரைச் சாராமல் தனியாக இயங்கும் சிறு நிர்வாகச் சிப் ஒன்று இருக்கும். சர்வர் நின்றுபோனாலும், மின்சாரம் இருக்கும்வரை, தொலைவிலிருந்து அதனுள் நுழைந்து வெப்பநிலை, விசிறி, ரேம் பிழைப் பதிவு ஆகியவற்றைப் பார்க்கலாம். அணைத்து மீண்டும் இயக்கலாம். இரவு ஒன்பது மணிக்குச் சர்வர் உறைந்துவிட்டால் அலுவலகச் சாவியோடு யாரும் ஓட வேண்டியதில்லை. ஆனால் திரையையே தொலைவிலிருந்து பார்த்து இயக்கும் வசதிக்குப் பல நிறுவனங்கள் தனி உரிமம் கேட்கின்றன. கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சில மலிவு டவர்களில் இந்தச் சிப்பே இருக்காது.

விண்டோஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விலையில் அதன் பங்கு பெரிது. விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஷேர் செய்த ஃபோல்டரைத் திறக்க முடியாது. பதினான்கு பேரோடு, சர்வரில் நேரடியாகச் சேமிக்கும் ஸ்கேனர்களும் சேர்ந்தால் அந்த எல்லை தொலைவில் இல்லை. விண்டோஸ் சர்வர் வாங்கினால், குறைந்தபட்சம் 16 கோருக்கு உரிமம் வாங்கியாக வேண்டும். நான்கு கோர் இருந்தாலும் அதே கட்டணம்தான். ஐ7-14700இலோ சிறு கோர்களையும் சேர்த்து இருபதாக எண்ணுவார்கள் என்பதால், மேலும் நான்கு கோருக்கு உரிமம் சேர்க்க வேண்டும். இதற்கு மேல் பயனர் ஒவ்வொருவருக்கும் தனி அணுகல் உரிமம் உண்டு. இவையெல்லாம் இரண்டு கொட்டேஷன்களிலும் ஒரே மாதிரி சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஒன்றில் விண்டோஸ் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், நீங்கள் சொன்ன ஒன்றரை மடங்கு என்ற கணக்கே மாறிவிடும்.

வாரண்டியிலும் இதே கவனம் வேண்டும். மூன்று ஆண்டு வாரண்டி என்றால் அழைத்த மறு வேலைநாளே உதிரிப்பாகத்தோடு வருவார்களா, அந்தப் பாகங்கள் சென்னையிலேயே இருப்பில் உள்ளனவா என்பதைக் கேளுங்கள். அசெம்பிள் செய்த கணினியின் மதர்போர்டு மூன்றாம் ஆண்டில் பழுதானால், அந்த மாடல் சந்தையில் இருக்காது. வேறு மாடலை மாற்றி, விண்டோஸை மீண்டும் நிறுவி, டேலி உரிமத்தை மீண்டும் செயல்படுத்தி முடிக்க இரண்டு மூன்று நாள்கள் ஆகிவிடும். அது மே மாதத்தில் நேர்ந்தால் சமாளிக்கலாம். வரித் தணிக்கை அறிக்கைகளுக்கான செப்டம்பர் கடைசி வாரத்தில் பதினான்கு பேர் இரண்டு நாள் கைகட்டி உட்கார்ந்திருந்தால் அதன் விலை என்ன என்பதை என்னைவிட நீங்கள் துல்லியமாகக் கணக்கிடுவீர்கள். கொட்டேஷன்களின் விலை வேறுபாட்டை அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு நிலையில் நான் டெஸ்க்டாப்பையே வாங்கச் சொல்வேன். சர்வருக்குப் பணம் கொடுத்துவிட்டால் பேக்கப்புக்குப் பணம் இருக்காது என்ற நிலை அது. ஈசிசியும் ஜியானும் இருந்து பேக்கப் இல்லாத அலுவலகத்தைவிட, சாதாரண ஐ5உம் ஒழுங்கான பேக்கப்பும் உள்ள அலுவலகம் பன்மடங்கு பாதுகாப்பானது. நிறுவனங்கள் மின்னணு வடிவில் வைக்கும் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டதையும், ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு கணக்குகளை 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்வதையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் சொல்லும் அந்த ஒழுங்கு உங்கள் சொந்த அலுவலகத்திலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆக, இரண்டாவது கொட்டேஷனில் கேட்க வேண்டிய மாற்றங்கள் இவை. ப்ராசசர் ஈ-2434ஆகவே இருக்கட்டும். ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதிலாக இரண்டு 16 ஜிபி ஈசிசி யூடிம் குச்சிகள் போடச் சொல்லுங்கள். ரேமுக்கும் ப்ராசசருக்கும் இடையே உள்ள சேனல்கள் எனப்படும் இரண்டு பாதைகளும் நிறைந்தால்தான் ரேமின் முழு வேகம் கிடைக்கும். இரண்டு எஸ்எஸ்டிகளும் ரெய்டு 1 முறையில் ஒன்றுக்கொன்று நகலாக இருக்க வேண்டும். மின்சாரம் திடீரென நின்றாலும் எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிடும் பாதுகாப்பு உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டியாக அவை இருக்க வேண்டும். இந்த நகல் பேக்கப் ஆகாது; தவறுதலாக ஒருவர் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் ஒன்றை வாங்கி, அதன் யூஎஸ்பி கேபிளைச் சர்வரில் இணைத்து, பேட்டரி தீரும் முன் சர்வர் தானாகவே ஒழுங்காக அணையும்படி அமைக்கச் சொல்லுங்கள். யூபிஎஸ் வாங்கிவிட்டு அந்தக் கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிடும் அலுவலகங்கள் ஏராளம். டேலி கோப்புகள் கெடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி நொடியில்தான். இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்குகளை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் வீட்டில் வையுங்கள்.

புதிய சர்வர் வந்தவுடன் கணக்குகளை ஏற்றிவிடாதீர்கள். ஓர் இரவு முழுதும் ரேம் சோதனை ஓடட்டும். ஈசிசி இயங்குவதை நிறுவ வந்தவரே திரையில் காட்ட வேண்டும். ரேமின் மொத்த அகலம் தகவல் அகலமான 64 பிட்டைவிடக் கூடுதலாகக் காட்டினால் ஈசிசி குச்சி சரியாக அடையாளம் காணப்பட்டிருக்கிறது, நிர்வாகச் சிப்பின் பக்கத்திலும் பிழைத் திருத்தம் இயக்கத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். பிறகு எஸ்எஸ்டிகளில் ஒன்றைக் கழற்றச் சொல்லி, மற்றொன்றில் சர்வர் தொடர்ந்து ஓடுகிறதா என்று அவர் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பழைய ஐ5 கணினியையும் விற்றுவிட வேண்டாம். மாதம் ஒருமுறை பேக்கப் டிஸ்கை அதில் இணைத்து, ஏதேனும் ஐந்து வாடிக்கையாளர்களின் கணக்கைத் திறந்து, டிரையல் பேலன்ஸ் பொருந்துகிறதா என்று உங்கள் ஊழியர் ஒருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.